ஃபிரிட்ஜ், ஏசி, ஹீட் பம்ப்: வெப்பத்தைப் பின்தொடர்ந்து ஒரு வீட்டுச் சுற்று

மூன்று கோடையாக எங்கள் வீட்டு ஏசிக்கு "கேஸ் தீர்ந்துபோச்சு" என்று சொல்லி நிரப்பிவிட்டுப் போனார்கள். ஏப்ரலில் நிரப்பினால் அடுத்த மார்ச்சில் மறுபடியும் வெறும் காற்றுதான் வரும். ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போடுவது போல இதுவும் வருஷாவருஷம் போடவேண்டியது என்று நானும் நம்பிப் பணம் கொடுத்துவந்தேன். நான்காவது வருஷம் வேறொருவர் வந்தார். சோப்பு நுரையைத் தொட்டுக் குழாய் இணைப்பில் இருந்த ஒரு நட்டின் மேல் தடவினார். குமிழ் குமிழாகக் கிளம்பியது. நட்டைக் கழற்றி, செம்புக் குழாயின் வாயைப் புதிதாக விரித்து, திரும்ப முடுக்கி, கேஸை அளந்து போட்டார். அதற்குப் பிறகு அந்த ஏசிக்குக் கேஸே போடவில்லை.

ஏசி ஓடும்போது உள்ளே இருக்கும் கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து செலவாவதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது, அவ்வளவுதான். இது தெரிந்திருந்தால் முதல் வருஷமே "எங்கே கசிகிறது?" என்று கேட்டிருப்பேன். அந்தக் கேள்வியை நீங்கள் கேட்கவேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். இதற்கு இயற்பியல் புத்தகம் தேவையில்லை. சமையலறையில் தொடங்கினால் போதும்.

படி 1: சிலிண்டர், குக்கர், சைக்கிள் பம்ப்

கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டில் பெரிய அடுப்புகள் மணிக்கணக்கில் எரியும்போது கேஸ் சிலிண்டரைப் பாருங்கள். கீழ்ப்பாகம் வியர்த்திருக்கும். சில நேரம் வெள்ளையாகப் பனியே பூத்திருக்கும். கேஸ் வரத்து குறைகிறதே என்று சமையல்காரர்கள் சிலிண்டரைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்திவைப்பதும் உண்டு. சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அடுப்புக்குப் போவதற்கு அது கொதித்து ஆவியாகவேண்டும். கொதிக்க வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைச் சிலிண்டரின் தகட்டிலிருந்தும் சுற்றியுள்ள காற்றிலிருந்தும் அது எடுத்துக்கொள்கிறது. பனி பூப்பது அதனால்தான்.

மண்பானையிலும் இதே கதைதான். பானையின் வெளிப்பக்கத்தில் கசிந்த ஈரம் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் தண்ணீரின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. இந்த வெப்பம் சாதாரண அளவு இல்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாவதற்கு எடுத்துக்கொள்ளும் வெப்பத்தை வைத்து, ஒரு 20 லிட்டர் கேன் தண்ணீரை ஏறக்குறைய 29 டிகிரி சூடாக்கிவிடலாம். ஏசியும் ஃபிரிட்ஜும் நிற்பதே இந்த ஒரு விஷயத்தின் மேல்தான்.

அடுத்து குக்கர். வெயிட் போட்ட குக்கருக்குள் தண்ணீர் 120 டிகிரியை நெருங்கித்தான் கொதிக்கிறது. ஊட்டியில் திறந்த பாத்திரத்தில் வைத்தால் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும், அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். அதாவது ஒரு திரவம் எந்தச் சூட்டில் கொதிக்கவேண்டும் என்பதை அழுத்தத்தை வைத்து நாமே தீர்மானிக்கலாம்.

மூன்றாவது சைக்கிள் பம்ப். வேகமாகக் காற்றடித்துவிட்டுப் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டால் சுடும். காற்றை அமுக்கினால் அது சூடாகிறது.

ஆவியாகும்போது வெப்பத்தை எடுக்கும், அழுத்தத்தால் கொதிநிலை மாறும், அமுக்கினால் சூடாகும். இந்த மூன்றையும் ஒரே குழாய்க்குள் வரிசையாக நடத்திவிட்டால் அதுதான் ஃபிரிட்ஜ்.

படி 2: ஃபிரிட்ஜின் பின்னால் போய்ப் பாருங்கள்

இன்று கடையில் வரும் பெரும்பாலான வீட்டு ஃபிரிட்ஜுகளில் ஆர்-600ஏ என்ற வாயு இருக்கிறது. அதன் வேதிப்பெயர் ஐசோபியூட்டேன். சமையல் சிலிண்டரில் இருக்கும் பியூட்டேனுக்கு உடன்பிறப்பு என்றே சொல்லலாம். சாதாரண காற்றழுத்தத்தில் மைனஸ் 12 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஒரு ஃபிரிட்ஜ் முழுவதற்கும் சில பத்து கிராம்தான் தேவை. உங்கள் ஃபிரிட்ஜில் என்ன வாயு, எத்தனை கிராம் என்பது பின்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அச்சிட்டிருக்கும். ஒருமுறை பார்த்துப் போட்டோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

இப்போது அந்த வாயுவோடு சேர்ந்து ஒரு சுற்று போவோம்.

அடியில் பானை மாதிரி கறுப்பாக இருப்பது கம்ப்ரசர். குளிர்ந்த ஆவியை உள்ளே இழுத்து, அமுக்கி, சூடாக்கி அனுப்புகிறது. ஏன் சூடாக்கவேண்டும்? ஃப்ரீசருக்குள் இருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளவேண்டும், ஆனால் வெளியே சமையலறை 33 டிகிரியில் இருக்கிறது. தண்ணீர் எப்படி மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுமோ, அப்படி வெப்பமும் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் தானாகப் போகும். கிணற்றுத் தண்ணீரை மாடித் தொட்டிக்கு ஏற்ற மோட்டார் வேண்டும் இல்லையா, அந்த வேலைதான் கம்ப்ரசருக்கு. வெப்பத்தைச் சுமந்துவரும் ஆவியைச் சமையலறையைவிடச் சூடாக்கிவிட்டால், பிறகு வெப்பம் தானாகவே வெளியே இறங்கிவிடும்.

அது இறங்கும் இடம் கண்டென்சர். பழைய ஃபிரிட்ஜுகளில் பின்னால் கறுப்புக் கம்பி வலையாகத் தெரியும். புதியவற்றில் இருபக்கத் தகடுகளுக்குள் மறைந்திருக்கும். புது ஃபிரிட்ஜ் வாங்கிய பலர் "பக்கத்துல கை வெச்சா சுடுது, ஏதோ கோளாறு" என்று பயப்படுகிறார்கள். கோளாறு ஒன்றுமில்லை. நீங்கள் உள்ளே வைத்த பால், குழம்பு, காய்கறியிலிருந்து எடுத்த வெப்பம்தான் அந்தச் சூடு. இந்தப் பகுதியில் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல ஐந்தாறு மடங்கு இருக்கும். அந்த அழுத்தத்தில் ஆர்-600ஏ 40, 45 டிகிரியிலேயே திரவமாகிவிடும். ஆவி திரவமாகும்போது, முன்பு எடுத்துக்கொண்ட வெப்பம் முழுவதையும் கொட்டிவிடுகிறது.

அப்புறம் கேப்பிலரி. ஒரு மில்லிமீட்டர்கூட உள்விட்டம் இல்லாத, சில மீட்டர் நீளமுள்ள செம்புக் குழாய். இந்த ஊசித் துவாரத்தில் நெருக்கியடித்துப் போகும்போது திரவத்தின் அழுத்தம் சரிந்துவிடுகிறது. அழுத்தம் சரிந்தால் கொதிநிலையும் சரியும், குக்கரில் பார்த்தோமே. ஃப்ரீசரின் பின்னால் இருக்கும் கூலிங் காயிலுக்குள் நுழைந்ததும் திரவம் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே கொதிக்கத் தொடங்குகிறது. கொதிக்க வெப்பம் வேண்டும். அதை உங்கள் ஐஸ் தட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஆவியாகித் திரும்பக் கம்ப்ரசருக்கு வருகிறது. சுற்று முடிந்தது.

ஃபிரிட்ஜுக்குள் குளிரை எதுவும் உண்டாக்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? வெப்பத்தை உள்ளிருந்து எடுத்து வெளியே வைத்திருக்கிறது. கம்ப்ரசர் சாப்பிட்ட மின்சாரமும் கடைசியில் வெப்பமாகச் சமையலறையிலேயே சேர்கிறது. அதனால் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்துவைத்தால் அறை குளிராது. கொஞ்சம் சூடாகும்.

படி 3: ஃபிரிட்ஜுக்குச் செய்யவேண்டியவை

வெப்பம் போகும் வழி தெரிந்துவிட்டதால் பராமரிப்பும் சுலபம்: வழியை அடைக்காதீர்கள். சுவரோடு ஒட்டாமல் பின்னாலும் பக்கங்களிலும் 10 சென்டிமீட்டர் விடுங்கள். பக்கத் தகட்டில் கண்டென்சர் இருந்தால் அங்கே துணி உறை போடுவதும் அரிசி மூட்டையைச் சாய்த்துவைப்பதும் வேண்டாம். கம்பி வலை உள்ளதென்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒட்டடையைத் துடையுங்கள்.

கதவின் ரப்பர் ஓரத்தில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். பிடிமானமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ஈரக்காற்று நுழைகிறது. நம் கடற்கரை ஊர்களில் நுழையும் காற்றைவிட அதிலுள்ள ஈரம்தான் பெரிய சுமை. அது காயிலில் பனியாகப் படிந்து, காற்று போகும் வழியை அடைத்துவிடும். ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜில் இந்தப் பனியை உருக்க ஒரு சின்ன ஹீட்டர் உண்டு. சில மணி நேரத்துக்கு ஒருமுறை அது எரியும், உருகிய தண்ணீர் குழாய் வழியாகக் கம்ப்ரசரின் மேலுள்ள தட்டில் இறங்கும், கம்ப்ரசரின் சூட்டிலேயே ஆவியாகிவிடும். அழகான ஏற்பாடு. ஆனால் அந்தத் தட்டில் தண்ணீர் தேங்கினால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அங்கேயே முட்டையிடும். டெங்கு காலத்தில் சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்குள் வந்து ஃபிரிட்ஜின் பின்பக்கம் எட்டிப்பார்ப்பது இதற்காகத்தான். வாரம் ஒருமுறை அந்தத் தட்டைக் கொட்டிக் கழுவுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வேலையைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

உள்ளே 4 டிகிரி, ஃப்ரீசரில் மைனஸ் 18 இருந்தால் போதும். ஆவி பறக்கும் சாம்பாரை அப்படியே வைக்கவேண்டாம். ஆனால் ராத்திரி முழுக்க வெளியே ஆறப்போடுவதும் தப்பு. கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் வைத்துவிடுங்கள்.

கரண்ட் போய் உடனே வந்தால் மூன்று நிமிஷம் காத்திருக்கவேண்டும் என்று பெரியவர்கள் சொல்வது சரியானதுதான். கம்ப்ரசர் நின்றதும் ஒரு பக்கம் உயர் அழுத்தமும் மறுபக்கம் குறைந்த அழுத்தமும் இருக்கும். கேப்பிலரி வழியாக அது மெதுவாகச் சமன்படவேண்டும். அதற்குள் மறுபடி ஓடச்சொன்னால் மோட்டார் அந்த அழுத்தத்தை எதிர்த்துத் திணறும், சூடாகும், ஓவர்லோடு என்ற பாதுகாப்பு ஸ்விட்ச் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். பல ஸ்டெபிலைசர்களில் இந்தத் தாமதம் ஏற்கெனவே வைத்திருக்கிறார்கள். இன்வெர்ட்டர் மாடல்களின் மின்னணுப் பலகையே இதைப் பார்த்துக்கொள்ளும்.

படி 4: ஏசி, அதுவும் புழுக்கத்தில்

ஃபிரிட்ஜைப் பெரிதாக்கி, உடம்பை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைச் சுவருக்கு வெளியே மாட்டினால் ஸ்பிளிட் ஏசி. கூலிங் காயில் உள்ளே, கம்ப்ரசரும் கண்டென்சரும் வெளியே, நடுவில் இரண்டு செம்புக் குழாய்கள். இன்று பெரும்பாலும் ஆர்-32 வாயு. காற்றழுத்தத்தில் மைனஸ் 52 டிகிரியில் கொதிக்கும் இதை, உள்காயிலில் ஏறக்குறைய 5 முதல் 10 டிகிரியில் கொதிக்கும்படி அழுத்தத்தோடு வைத்திருக்கிறார்கள். வெளியே 45 டிகிரியில் அதைத் திரவமாக்க ஏறக்குறைய 28 மடங்கு காற்றழுத்தம் தேவை. இவ்வளவு அழுத்தத்தில் வேலை செய்யும் குழாயில், சரியாக முடுக்காத ஒரு நட்டு என்ன செய்யும் என்று எங்கள் வீட்டில் பார்த்தோம்.

ஏசியை "டன்" கணக்கில் சொல்வதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அந்த டன் ஏசியின் எடை இல்லை. ஒரு அமெரிக்க டன் (ஏறக்குறைய 907 கிலோ) பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அந்த வேகத்தில் வெப்பத்தை வெளியேற்றினால் அது ஒரு டன். கணக்கில் 3.5 கிலோவாட். இயந்திரம் வருவதற்கு முன் குளிர் என்றாலே பனிக்கட்டிதான். சென்னைக் கடற்கரைச் சாலையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் வட்டக் கட்டடம், 1842இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டியது. ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் அந்தப் பகுதிக்கு இன்றும் நிற்கிறது. நாம் இங்கே சுற்றிப்பார்த்த கம்ப்ரசர் சுழற்சிக்கு ஜேக்கப் பெர்கின்ஸ் லண்டனில் காப்புரிமை எடுத்தது அதற்கு முன்பே, 1834இல். அந்த இயந்திரம் வீடு வந்து சேரத்தான் இத்தனை காலம் ஆனது.

சரி, புழுக்கத்துக்கு வருவோம். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரி ஊர்களில் ஏசிக்கு இரண்டு வேலை. காற்றைக் குளிர வைப்பது ஒன்று, காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிவது இன்னொன்று. குளிர்ந்த சொம்பின் வெளிப்பக்கம் வியர்ப்பது போலக் கூலிங் காயிலும் வியர்க்கிறது. வெளியே குழாயில் சொட்டுவது அதுதான். ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் சொட்டினால், அந்த ஈரத்தைத் தண்ணீராக்கவே ஏறக்குறைய 0.7 கிலோவாட் போகிறது. அதாவது ஒன்றரை டன் ஏசியின் திறனில் எட்டில் ஒரு பங்கு. அதனால் ஏசி ஓடும்போது ஈரத்துணியை அறையில் காயப்போடாதீர்கள், குளியலறைக் கதவை மூடிவையுங்கள். ஈரம் குறைந்த அறையில் 26 டிகிரியும் மின்விசிறியும் இருந்தாலே சுகமாகத் தூங்கலாம். 18இல் வைத்துக்கொண்டு போர்வையைப் போர்த்துவதில் எனக்கு உடன்பாடில்லை. உள்ளும் புறமும் உள்ள வெப்ப வித்தியாசம் கூடக்கூட, தண்ணீரை இன்னும் உயரமான தொட்டிக்கு ஏற்றுவது போல, கம்ப்ரசர் அதிகம் உழைக்கவேண்டும். ஒரு டிகிரி கூட்டினால் ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பிஇஇ சொல்லும் கணக்கு. 2020 ஜனவரி முதல் இந்தியாவில் ஸ்டார் முத்திரை ஏசிகள் போட்டவுடன் 24 டிகிரியில் தொடங்குவது இந்தக் காரணத்தால்தான்.

வெளி யூனிட்டை எங்கே மாட்டுகிறோம் என்பதை யாரும் யோசிப்பதில்லை. மூடிய பால்கனியிலோ குறுகலான சந்திலோ வைத்தால், தான் தள்ளிய சூடான காற்றையே அது திரும்ப இழுக்கும். உள்ளே குளிராது, மீட்டர் மட்டும் ஓடும். காற்று தாராளமாகப் போய்வரும் இடம் வேண்டும், முடிந்தால் நிழல் வேண்டும். கடலோர வீடுகளில் உப்புக்காற்று அலுமினியத் தகடுகளை அரித்துவிடும். மாதம் ஒருமுறை ஸ்விட்சை அணைத்துவிட்டு, வெளிக்காயிலை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுவது நல்லது. வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் வளைந்துபோகும்.

படி 5: அதே இயந்திரம், திருப்பி வைத்தால் ஹீட் பம்ப்

ஏசியின் வெளி யூனிட் முன்னால் நின்று பாருங்கள். அனல் அடிக்கிறது. அந்த அனலை வீணாக்காமல் ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் விட்டால்? அதுதான் ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர். வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துத் தண்ணீரில் சேர்க்கிறது. இப்படி ஒரு இயந்திரம் முடியும் என்று வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு என்று அறியப்பட்டவர், 1852லேயே எழுதியிருக்கிறார்.

கணக்கைப் பாருங்கள். 200 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்கு ஏற்ற 6.5 யூனிட் வெப்பம் வேண்டும். கீசரில் கம்பியைச் சூடாக்குகிறோம், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம்தான் கிடைக்கும், ஆக 6.5 யூனிட்டும் மீட்டரில் ஏறும். ஹீட் பம்ப் வெப்பத்தை உண்டாக்கவில்லை, இடம் மாற்றுகிறது. நம் ஊரின் வெதுவெதுப்பான காற்றில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று நான்கு யூனிட் வெப்பத்தைக் கொண்டுவந்துவிடும். மூன்றரை என்று வைத்தால் 1.9 யூனிட்டில் வேலை முடிந்தது. மீதி 4.6 யூனிட் வெப்பம் காற்று கொடுத்தது.

அப்படியானால் எல்லாரும் வாங்கலாமா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். மூன்று பேர் ஆளுக்கு ஒரு வாளி வெந்நீரில் குளிக்கும் வீட்டுக்கு 15 லிட்டர் கீசர் போதும். ஒரு தொட்டி சூடாக 0.6 யூனிட்தான் ஆகிறது. ஹீட் பம்ப் விலை அதைவிடப் பல மடங்கு. கூட்டுக்குடும்பம், விடுதி, மருத்துவமனை, லாட்ஜ் என்று தினமும் நூற்றுக்கணக்கான லிட்டர் வெந்நீர் செலவாகும் இடத்தில்தான் போட்ட பணம் விரைவில் திரும்பும். வாங்கினால் காற்றோட்டமான மொட்டைமாடியிலோ வராந்தாவிலோ வையுங்கள். சின்ன மூடிய அறையில் வைத்தால் அந்த அறைக்காற்றின் வெப்பம் தீர்ந்து, திறன் விழுந்துவிடும். கீசர் போலப் பத்து நிமிஷத்தில் சூடாகவும் செய்யாது, சில மணி நேரம் வேண்டும். நமக்கு மதிய வெயிலில் ஓடவிடுவது லாபம். காற்று சூடாக இருக்கும்போது ஏற்றவேண்டிய உயரம் குறைவு. கூரையில் சோலார் பலகை இருந்தால் இன்னும் நல்லது.

ஊட்டி, கொடைக்கானல் வீடுகளுக்கு இன்னொரு வகை உண்டு: சூடும் குளிரும் தரும் ஏசி. அதன் வெளி யூனிட்டில் நான்கு வழி வால்வு ஒன்று இருக்கிறது. அது நகர்ந்தால் வாயு எதிர்த்திசையில் சுற்றும், உள்காயில் சுடும், வெளிக்காயில் குளிரும். பத்து டிகிரிக் குளிரில்கூடக் காற்றில் வெப்பம் இருக்கிறது. மைனஸ் டிகிரியில் கொதிக்கும் வாயுவுக்கு அதுவே சூடான இடம்தான். ஈரமான பனிக்காலத்தில் வெளிக்காயிலில் பனி படியும். அப்போது இயந்திரம் சில நிமிஷம் திசையைத் திருப்பி அதை உருக்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் உள்ளே சூடு நின்றுவிட்டதே என்று பதறவேண்டாம்.

படி 6: மெக்கானிக் வரும்போது

குளிர் குறைந்தால் முதலில் நீங்களே ஃபில்டர் வலையைக் கழற்றிக் கழுவுங்கள். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. வெளி யூனிட்டின் விசிறி சுற்றுகிறதா பாருங்கள். நிறைய "கேஸ் தீர்ந்த" ஏசிகள் இந்த இடத்திலேயே சரியாகிவிடும்.

அதற்கும் சரியாகாமல் ஆளைக் கூப்பிட்டு, அவர் கேஸ் குறைவு என்று சொன்னால், "எங்கே கசிகிறது, அண்ணா?" என்று கேளுங்கள். கசிவைக் கண்டுபிடிக்க நைட்ரஜனை அழுத்தத்தோடு ஏற்றிச் சோப்பு நுரை தடவிப் பார்க்கவேண்டும். அடைத்த பிறகு வாக்குவம் பம்ப் போட்டுக் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் இழுக்கவேண்டும். ஈரம் தங்கினால் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகும். ஃபிரிட்ஜிலோ கேப்பிலரியின் வாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும். கேஸை வெளியே விட்டு ஊதியே காற்றைத் தள்ளுகிறேன் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு கிலோ ஆர்-32 காற்றில் கலந்தால் 675 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். அது போக, அது தீப்பற்றக்கூடிய வாயு. ஆர்-600ஏ இன்னும் எளிதில் பற்றும். அந்த வாயு குழாய்க்குள் இருக்கும்போது குழாயைச் சூடாக்கி ஒட்டும் பிரேஸிங் டார்ச்சைப் பற்றவைக்கக் கூடாது. சமையலறையில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது ஃபிரிட்ஜின் கேஸ் வேலையே தொடங்கக் கூடாது.

கடைசியாக, கேஸைத் தராசில் வைத்து, ஸ்டிக்கரில் உள்ள எடைக்குச் சரியாகப் போடச் சொல்லுங்கள். அவர் முடித்ததும் கால்மணி நேரம் ஓடவிட்டு, ஏசி காற்றை இழுக்கும் இடத்திலும் விடும் இடத்திலும் ஒரு வெப்பமானியை வைத்துப் பாருங்கள். பொதுவாக 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருக்கவேண்டும். தேதியையும் போட்ட கிராமையும் ஒரு சீட்டில் எழுதி, உள் யூனிட்டின் பக்கவாட்டில் ஒட்டிவையுங்கள். எங்கள் வீட்டுச் சீட்டில் இன்றுவரை ஒரே ஒரு தேதிதான் இருக்கிறது.